சூரியன் மலைக்குள் போய் ஒரு மணி நேரம் ஆகியும் முழுசாக இருட்டவில்லை. மலை சொல்வது சரியா, செல்போன் சொல்வது சரியா?

பென்னாகரத்தான் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது. போன வியாழக்கிழமை நடந்த கூத்துக்குப் பிறகு கேட்டே விடலாம் என்று வந்துவிட்டேன்.

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம் மலையடிவாரம், மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கும். இந்த மார்ச் மாதத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது, களத்துமேடு முழுக்க நிழல் விழுந்துவிடும். ஆனால் செல்போனில் அஸ்தமனம் 6.28 என்று காட்டுகிறது. அதோடு விட்டால் பரவாயில்லை, கீழே இன்னும் மூன்று வரி. சிவில் ட்விலைட் (அந்தி வெளிச்சம்) முடிவு 6.49, நாட்டிக்கல் 7.14, அஸ்ட்ரானமிக்கல் 7.38. ஒரு பொழுது சாய்வதற்கு இத்தனை கணக்கா? அம்மாவைக் கேட்டால் விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்றுதான் உண்டு, அது ஆறரை, முடிந்தது பேச்சு.

கூத்து என்னவென்றால், அன்றைக்கு மாட்டுக்குத் தவிட்டு மூட்டையை என் பழைய டிவிஎஸ் 50யில் ஏற்றிக்கொண்டு 6.50 வாக்கில் வந்துகொண்டிருந்தேன். ஹெட்லைட் பல்பு போய் இரண்டு வாரம். வானம் நன்றாகத் தெரிகிறதே என்ற தைரியத்தில் வந்தேன், ரோட்டோரம் படுத்திருந்த கன்றுக்குட்டியைக் கட்டின கயிறு தெரியவில்லை. நானும் மூட்டையும் ஆளுக்கொரு பக்கம். முட்டி சிராய்ப்பு, பாதி தவிடு ரோட்டில், கன்றுக்குட்டி மட்டும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. அப்பா "பொழுது போய் ஒரு மணி நேரம் ஆச்சு, லைட் இல்லாம வந்தா விழாம என்ன பண்ணுவ" என்கிறார். மச்சானோ, அஸ்தமனத்துக்கு அப்புறம் அரை மணி நேரம் வரைக்கும் லைட் போடத் தேவையில்லை என்று சட்டமே இருக்கிறது என்கிறான். நான் போனைக் காட்டி சிவில் ட்விலைட் முடிந்து ஒரு நிமிடம்தானே ஆகிறது என்றேன், இரண்டு பேரும் சிரித்தார்கள்.

யார் சொல்வது சரி? இந்த மூன்று வரியை யார், எதை வைத்துப் போட்டார்கள்?

வானம்பார்த்தவன்:

முட்டி எப்படி இருக்கிறது? முதலில் பல்பை மாற்றுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செல்போன் உங்கள் மலையைப் பார்ப்பதில்லை. சுற்றிலும் கடல் மாதிரி தட்டையாக இருக்கும் ஒரு இடத்தில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொண்டுதான் எல்லா நேரமும் கணக்கிடுகிறார்கள். சூரியனின் மேல் விளிம்பு அந்தத் தட்டையான தொடுவானத்துக்குக் கீழே போகிற நொடிதான் அஸ்தமனம். இதில் ஒரு வேடிக்கை, காற்று ஒளியை வளைத்துக் கொடுப்பதால் உண்மையில் கீழே போய்விட்ட சூரியன் இன்னும் மேலே இருப்பது போலத் தெரியும். அந்த வளைவு ஒரு 34 கலை, சூரியனின் பாதி அகலம் 16 கலை (60 கலை ஒரு டிகிரி), ஆக மேல் விளிம்பு மறையும்போது சூரியனின் நடுப்புள்ளி ஏற்கெனவே 50 கலை, அதாவது 0.83 டிகிரி கீழே போயிருக்கும்.

அப்புறம் வருகிற மூன்று வரியும் இந்த நடுப்புள்ளி எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பதை வைத்துத்தான். 6 டிகிரி கீழே போனால் சிவில் முடிவு, 12 போனால் நாட்டிக்கல் முடிவு, 18 போனால் அஸ்ட்ரானமிக்கல் முடிவு. காலையில் இதே வரிசை தலைகீழாக. கடிகாரமோ, வானத்தின் நிறமோ, மேகமோ எதுவும் கணக்கில் இல்லை, கோணம் மட்டும்தான். கனமழை கொட்டி ஐந்தரை மணிக்கே கும்மிருட்டானாலும் சிவில் அந்தி 6.49க்குத்தான் முடியும்.

அதற்காக 6, 12, 18 என்பது சும்மா வாய்க்கு வந்த எண்ணும் இல்லை. ஆறு டிகிரி வரைக்கும் வானம் தெளிவாக இருந்தால் வெளியில் விளக்கில்லாமல் வேலை பார்க்கலாம், எதிரில் வருகிற ஆள் யார் என்று தெரியும். ஆறு டிகிரியில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் 3 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு). குறைவாகத் தோன்றும், ஆனால் உச்சியில் நிற்கும் பௌர்ணமி நிலவு தருவதே கால் லக்ஸ்தான். பன்னிரண்டு என்பது கப்பல்காரர்களின் எண். ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் நட்சத்திரமும் தெரியும், கடலும் வானமும் சேருகிற கோடும் தெரியும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் செக்ஸ்டன்ட் கருவியால் நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். முன்னாடி போனால் நட்சத்திரம் இல்லை, பின்னாடி போனால் கோடு இல்லை. பதினெட்டு வானியல்காரர்களுடையது. அதற்குக் கீழே போனால் சூரியனால் வருகிற வெளிச்சம் வானத்தில் மிச்சம் ஒன்றும் கிடையாது, வெறும் கண்ணுக்குத் தெரிகிற மங்கலான நட்சத்திரம் வரைக்கும் தெரியும்.

உங்கள் மலைக்கு வருவோம். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. சூரியன் நம் ஊரில் இந்த மாதம் மணிக்குச் சுமார் 14.7 டிகிரி இறங்குகிறது. ஆறு மணிக்கு மறைகிறது, செல்போன் 6.28 என்கிறது என்றால் உங்கள் மலை கிட்டத்தட்ட 6 டிகிரி உயரம், அரை முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. நாளைக்கு அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.

ஆக உங்கள் அப்பா பார்ப்பது மலையின் அஸ்தமனம், போன் பார்ப்பது பூமியின் அஸ்தமனம். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் ஒன்று, மேற்கு வானத்தின் அடிப்பகுதிதான் அந்தியில் அதிக வெளிச்சம் தருகிற இடம், அதை மலை அடைத்துவிடுகிறது. அதனால் உங்கள் ரோட்டில் 6.50க்கு இருந்த வெளிச்சம், திறந்த வெளியில் இருப்பதை விடக் குறைவுதான். அப்பாவிடம் மன்னிப்பு கேட்டுவிடுங்கள்.

நாலுரோடு:

சட்டத்தை மச்சான் பாதிதான் படித்திருக்கிறார். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 105. அஸ்தமனத்துக்கு அரை மணி நேரத்துக்குப் பின்பிலிருந்து உதயத்துக்கு அரை மணி நேரத்துக்கு முன்பு வரை விளக்கு எரிய வேண்டும், அது சரி. அந்தக் கணக்கில் உங்களுக்கு 6.58 வரை நேரம் இருந்தது. ஆனால் அதே வரியில் "போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும்" என்றும் இருக்கிறது. கயிறு தெரியவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அப்புறம் என்ன வாதம்? 2017 ஏப்ரலுக்குப் பிறகு வருகிற புது இருசக்கர வண்டிகளில் பகலிலேயே லைட் தானாக எரிகிறதே, அதில் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

இன்னொன்று, நம் சட்டங்களில் பெரும்பாலும் இந்தக் கோணம் எல்லாம் வராது. பெண்களை அஸ்தமனத்துக்குப் பின், உதயத்துக்கு முன் கைது செய்யக் கூடாது (தவிர்க்க முடியாத நேரம் தவிர) என்பதில் வருவது வெறும் அஸ்தமனம்தான். மலையடிவாரத்தில் எந்த அஸ்தமனம் என்று யாராவது கோர்ட்டில் கேட்டார்களா தெரியவில்லை, கேட்டால் சுவாரசியமாக இருக்கும்.

மல்லிக்காரி:

தம்பி, நீங்கள் சாயங்காலத்துக் கதை சொல்கிறீர்கள், நான் விடியக்காலைக் கதை சொல்கிறேன். எங்களுக்குக் குண்டுமல்லி முக்கால் ஏக்கர். மார்ச், ஏப்ரலில் பூ கொட்டும். நாலரைக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவோம், மொக்கு விரிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்குப் போகணும்.

நான் டிகிரி எல்லாம் பார்த்ததில்லை. ஆனால் இதைக் கவனித்திருக்கிறேன். ஐந்தே முக்காலுக்கெல்லாம் லைட்டை அணைத்தாலும் வெள்ளை மொக்கு புள்ளி புள்ளியாகத் தெரிந்துவிடும், பறித்துவிடலாம் போல இருக்கும். அணைத்துவிட்டுப் பறித்தால் கூடையில் பாதி நாளைக்குப் பறிக்க வேண்டிய பிஞ்சு மொக்கு விழுந்திருக்கும். அதன் லேசான பச்சை அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் ஒரே சாம்பல். மாமியார் ஒரு நாள் கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அது திட்டுவதை விட மோசம். ஆறு, ஆறு ஐந்துக்குத்தான் பச்சை பச்சையாகத் தெரியும். அப்புறம்தான் லைட்டை அணைப்பேன். இதற்கும் அந்த மூன்று வரிக்கும் சம்பந்தம் இருக்கிறதா?

வானம்பார்த்தவன்:

அக்கா, அருமை. இன்றைக்கு உதயம் 6.24 வாக்கில். சிவில் விடியல் 6.03க்குத் தொடங்குகிறது. நீங்கள் லைட்டை அணைக்கிற நேரம் கிட்டத்தட்ட அதேதான்.

கண்ணில் இரண்டு விதமான செல் இருக்கிறது, குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்கிற செல்லுக்கு நிறம் தெரியாது, நிறம் தெரிகிற செல்லுக்கு வெளிச்சம் வேணும். 5.39லிருந்து 6.03 வரைக்கும் நாட்டிக்கல், அப்போது உருவம் தெரியும், நிறம் சரியாகத் தெரியாது. உங்கள் மாமியாருக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும்.

கிருஷ்ணகிரி பாய்:

பதினெட்டு டிகிரியை வானியல்காரர்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே, நாங்கள் வருடத்துக்கு ஒரு மாதம் அதன் மேல்தான் வயிற்றை வைத்திருக்கிறோம்.

சஹர் (நோன்புக்கு முன் சாப்பிடுகிற நேரம்) முடிவும் பஜ்ரு என்கிற விடியல் தொழுகையின் தொடக்கமும் விடியலின் முதல் வெளிச்சம். அதை டிகிரியில் எவ்வளவு என்று வைப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கராச்சி முறை என்று சொல்வதில் பஜ்ருக்கும் 18, இஷா என்கிற இரவுத் தொழுகைக்கும் 18. முஸ்லிம் வேர்ல்ட் லீக் முறையில் பஜ்ரு 18, இஷா 17. வட அமெரிக்காவில் பலர் 15 வைக்கிறார்கள். மக்காவின் உம்முல் குரா முறையில் பஜ்ரு 18.5. செல்போன் ஆப்பில் செட்டிங்கில் போய் முறையை மாற்றினால் ஒரே ஊரில் சஹர் முடிவு பத்துப் பன்னிரண்டு நிமிடம் முன்னே பின்னே போகும். போன ரமலானில் எங்கள் வீட்டில் இதுதான் சண்டை. தம்பியின் போனில் 15 டிகிரி இருந்திருக்கிறது, அவன் பாட்டுக்கு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்தாயிற்று.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. விடியலுக்கு முன்னால் கிழக்கே கூம்பு மாதிரி மேல் நோக்கி ஒரு மங்கல் வெளிச்சம் வரும், அதைப் பொய் விடியல் என்போம், சுபுஹு காதிப். நம்பி எழுந்தால் பயனில்லை, அது கணக்கில் சேராது. அப்புறம் அடிவானத்தில் குறுக்காக, இடமும் வலமும் பரவுகிற வெளிச்சம்தான் நிஜ விடியல், சுபுஹு சாதிக். அந்தப் பொய் விடியல் சூரியனைச் சுற்றிக் கிடக்கிற தூசியில் பட்டு வருகிற ஒளி, காற்றுமண்டலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பின்னாடிதான் படித்தேன்.

பழைய ஆட்கள் இந்தக் கோணத்தை வைத்து வேற ஒரு வேலையும் பார்த்திருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் (முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின்) இருந்த இப்னு முஆத் என்பவர், அந்தியின் கோணத்தை வைத்து, வெளிச்சத்தைச் சிதறடிக்கிற காற்று எவ்வளவு உயரம் இருக்கும் என்று கணக்குப் போட்டார். வந்த விடை எண்பது கிலோமீட்டரை ஒட்டி. ராக்கெட் இல்லாத காலத்தில்.

மேற்கில் பார்ப்பதற்கு எங்கள் கிருஷ்ணகிரியில் இப்போது இடைஞ்சல் வேற. வடமேற்கே ஓசூர், அதற்குப் பின்னால் பெங்களூரு, ராத்திரி முழுக்க அந்தப் பக்கம் வானம் வெளுத்துக் கிடக்கும். ஜூன் மாதத்தில் சூரியனும் வடமேற்கு பக்கம்தான் மறையும், அப்போது அந்தி முடிந்ததா ஓசூர் முடியவில்லையா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். அட்டவணைதான் கதி.

ராகிக்காவல்:

அஞ்செட்டி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு இருட்டு என்றால் யானைதான் கணக்கு. கார்த்திகையில் ராகிக் கதிர் முற்றும்போது மரத்து மேல் பரண் போட்டு உட்காருவோம். கதிரின் முனையும் வரப்பும் பிரித்துத் தெரியாத நேரம் வந்தால் டார்ச்சைக் கையில் எடுக்கணும், அதற்கப்புறம் எப்போது வேண்டுமானாலும் காட்டோரத்தில் கிளை ஒடிகிற சத்தம் கேட்கும். அஸ்தமனமும் டிகிரிக் கணக்கும் எல்லாம் ஊருக்குள் இருக்கிறவர்களுக்கு.

ஒரு சந்தேகம். மார்கழியில் சீக்கிரமே பொழுது போகிறது, அப்போது இந்த அந்தியும் குறையுமா?

வானம்பார்த்தவன்:

குறையாது, லேசாகக் கூடும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் ரொம்பச் செங்குத்தாக இறங்கும், அதனால் அப்போதுதான் அந்தி குறுகல். டிசம்பரிலும் ஜூனிலும் கொஞ்சம் சாய்ந்து இறங்குவதால் மொத்த அந்தி ஐந்திலிருந்து எட்டு நிமிடம் கூடும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு மேலே வெறும் 12 டிகிரி, அதனால் வருடம் பூராவும் பெரிய வித்தியாசம் கிடையாது, எழுபதிலிருந்து எண்பது நிமிடத்துக்குள்தான். இதே லண்டனில் ஜூன் 21 வாக்கில் சூரியன் நடுராத்திரியில்கூட சுமார் 15 டிகிரிதான் கீழே போகும், அதாவது அஸ்ட்ரானமிக்கல் அந்தி முடியவே முடியாது. பாய் சொன்ன கராச்சி முறையை அங்கே வைத்தால் இஷா நேரமே வராது, அதற்கென்று தனி ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்திலேயே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986இல் திறந்தது. இந்த மாதிரி இடங்களில் அந்தி நேரத்தை வீணாக்க மாட்டார்கள். வானம் ஒரே சீராக மங்கலாக இருக்கிற அந்தக் கொஞ்ச நிமிடத்தில் வெறும் வானத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள், கேமராவில் எந்த மூலை அதிகமாகப் பார்க்கிறது, எது குறைவாகப் பார்க்கிறது என்று சரிபார்க்க. நிஜமான மங்கல் பொருள்களைப் பார்ப்பது 18க்குப் பிறகுதான்.

கணக்குவாத்தியார்:

எல்லாரும் டிகிரி டிகிரி என்கிறீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கிற கணக்கு ஒன்று சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். பூமி ஒரு நாளில் சுற்றுவது 360 டிகிரி. வகுத்துப் பாருங்கள், ஒரு நாழிகைக்கு 6 டிகிரி. செல்போன் காட்டுகிற ஒவ்வொரு படியும் 6 டிகிரி. அதாவது நாழிகைக்கு ஒரு படி! 6.49லிருந்து 7.14 வரை 25 நிமிடம், 7.14லிருந்து 7.38 வரை 24 நிமிடம். சூரியன் கொஞ்சம் சாய்ந்து இறங்குவதால் அரை நிமிடம் கூடுகிறது, அவ்வளவுதான். முதல் படி மட்டும் 21, ஏனென்றால் அஸ்தமனத்தின்போதே 0.83 டிகிரி கீழே போய்விட்டது என்று மேலே சொன்னாரே, அது.

இதை வைத்து நம் முன்னோர்களுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நாழிகைக்கும் கப்பல்காரர்களின் பன்னிரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது, 60ம் 360ம் ஒன்றோடொன்று வகுபடுகிறது, அதனால் அமைந்தது. ஆனால் நினைவில் வைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. பொழுது போய் ஒரு நாழிகை, ஆள் முகம் தெரியாது. இரண்டு நாழிகை, அடிவானம் தெரியாது. மூன்று நாழிகை, முழு ராத்திரி. நம் அகலாங்குக்குப் போதும். லண்டனுக்குச் செல்லாது.

பென்னாகரத்தாரே, மேற்கே மலை இருந்தால் நிஜமான அஸ்தமனம் எப்போது என்று தெரியாது என்று கவலைப்படாதீர்கள். கிழக்கே திரும்புங்கள். பூமியின் அஸ்தமனம் ஆன உடனே கிழக்கு அடிவானத்தில் ஒரு நீலச் சாம்பல் பட்டை எழும்பும், அதற்கு மேலே ரோஜா நிறத்தில் ஒரு கரை. அந்த நீலச் சாம்பல் எதுவோ மேகம் என்று நினைப்பார்கள், அது பூமியின் நிழல். வானம் தூசியில்லாமல் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல மேலே ஏறும், அப்புறம் கலைந்து கரைந்துவிடும். மேலே இருக்கிற ரோஜாவை இங்கிலீஷில் பெல்ட் ஆஃப் வீனஸ் என்பார்கள். விடியலில் மேற்கே இதே வேடிக்கை தலைகீழாக நடக்கும், ஆனால் உங்களுக்கு மலை மறைக்கும்.

பென்னாகரத்தான்:

ஐயா, பாய், அக்கா, எல்லாருக்கும் நன்றி. பல்பு மாற்றிவிட்டேன், 60 ரூபாய். தவிட்டுக்குப் போன காசுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

நேற்று மொட்டைமாடிக்குப் போய் எல்லாம் பரிசோதித்தேன். மலை அரை முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே, சரியாகச் சொல்லியிருந்தீர்கள். சூரியன் 6.01க்கு மலைக்குள் போனது. கையில் தினசரி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து எடுத்துப் போயிருந்தேன். ராகு காலம் எழுதியிருக்கிற பொடி எழுத்து 6.38 வரை தெரிந்தது, அப்புறம் கண்ணைச் சுருக்கவேண்டியதாயிற்று. தேதி எழுதிய பெரிய எண் 6.55க்குக்கூட தெரிந்தது. அந்த நேரத்தில் கீழே தெருவில் யாரோ போனார், நடையை வைத்துப் பெரியப்பா என்று தெரிந்தது, முகம் தெரியவில்லை.

கிழக்கே பார்த்தேன். பாலக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் புழுதி, ஆனால் 6.32 வாக்கில் அந்த நீலப் பட்டை எழுந்தது, மேலே ரோஜா. முப்பது வருடமாக அதே மாடியில் மேற்கே மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் விளக்கு வைக்கிற நேரத்துல என்னை மாடிப்படி ஏற வெச்சியா" என்று கேட்டுவிட்டு, ஆனால் கீழே இறங்காமல் அது கலைகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தாள்.

கன்றுக்குட்டிக்காரர் கயிற்றைச் சுருக்கிக் கட்டியிருக்கிறார்.